மீள்வருந் தசமமும் முழுவெண்ணும்: ஓர் அத்துவித உவமையாராய்ச்சி

முத்திநிலையில் உயிர் இறைவனோடு கூடும் கூட்டத்தை உவமை வாயிலாக விளக்குதல் சித்தாந்த நூலார்க்கும் உரையாளர்க்கும் தொன்றுதொட்ட வழக்காம். உடலும் உயிரும், கண்ணும் கதிரவனும் எனப் பல உவமைகள் அவ்வகையில் எடுத்தாளப்பட்டன. இக்காலத்துப் பள்ளிகளிற் பயின்றார்க்கு அவற்றினும் கணித உவமைகள் அணுக்கமாகத் தோன்றுதல் இயல்பே. அவற்றுள் ஒன்று தசம பின்னத்தைப் பற்றியது. 0.9, 0.99, 0.999 என ஒன்பதுகள் பெருகப் பெருக அவ்வெண் ஒன்று என்னும் முழுவெண்ணை நெருங்குகின்றது. ஒன்றைச் சிவமாகவும், ஒன்பதுகளின் வரிசையைப் பக்குவத்தால் உயரும் உயிராகவும் வைத்துப் பொருள் கூறுதல் கேட்டற்கு இனிதாயிருக்கும்.

ஆயின் இவ்வுவமையைக் கொண்டு இரு வேறு திறத்தாரும் தத்தம் கொள்கையை நாட்டலாம். ஒன்பதுகள் எத்துணை அடுக்கினும் ஒன்று ஆகா. ஆதலின் உயிர் என்றும் இறைவனைக் கூடாது, அணுகுதலே உளது என்று ஒருவர் கூறலாம். முடிவின்றி அடுக்கிய ஒன்பதுகள் ஒன்றேயாம் என்று கணிதநூலார் கூறுவர். ஆதலின் உயிர் ஈற்றிற் சிவமே ஆய்விடும் என்று மற்றொருவர் கூறலாம். முன்னது கூட்டத்தையே மறுப்பது. பின்னது உயிரையே மறுப்பது. இரண்டும் சைவசித்தாந்தத்துக்கு உடன்பாடல்ல. மறுதலைப்பட்ட இரு கொள்கைக்கும் ஓர் உவமையே கரியாய் நிற்குமாயின், அவ்வுவமையின் இயல்பை முதற்கண் ஆராய்தல் வேண்டும். மீள்வருந் தசமம் முழுவெண்ணுக்கு உண்மையாகவே சமமாமோ என்பது முதல் வினா. அச்சமம் எத்தகையது என்பது இரண்டாம் வினா.

சேலத்தினின்று ஆத்தூர்க்குச் செல்லும் பெருவழியில் உள்ளது வாழப்பாடி. அதனையடுத்த பேளூரில், வசிட்ட நதிக்கரைப் பஞ்சபூதத் தலங்கள் ஐந்தனுள் நிலத்திற்குரியதாகப் போற்றப்படும் தான்தோன்றீசர் திருக்கோயில் விளங்குகின்றது. வாழப்பாடியினின்று அத்திருக்கோயிலுக்குப் புறப்பட்ட அன்பர் மூவர், ஒரு ரூபாய்க்குக் கற்பூரம் வாங்கி, அச்செலவை ஒப்பப் பகிர்ந்துகொள்ள விரும்பினர் எனக் கொள்க. இது 1957ஆம் ஆண்டிற்கு முன் நிகழ்ந்ததாயின் இடர் ஒன்றுமில்லை. ரூபாய்க்குப் 16 அணா. அணாவுக்குப் 12 பை. ஆகவே ரூபாய்க்கு 192 பை. மூன்றிலொரு பங்கு 64 பை, அஃதாவது 5 அணா 4 பை. மூவர் பங்கையும் கூட்டினால் ஒரு ரூபாய், மிச்சம் இல்லை.

1957 ஏப்ரல் 1ஆம் நாள் தசம நாணயம் வழக்கிற்கு வந்தது. ரூபாய்க்கு நூறு நயா பைசா ஆயிற்று. அதன்பின் அம்மூவரும் பகிர்ந்தால் ஒருவர்க்கு 33 பைசா. மூன்றும் கூடி 99 பைசா. ஒரு பைசா எஞ்சி நிற்கும். பைசாவைப் பத்தாக்கி ஒரு சிறு காசு அடிப்பினும், ஒருவர்க்கு 333 சிறுகாசு, மூவர்க்கும் 999. பின்னும் ஒன்று எஞ்சும். எத்துணை நுண்ணிய காசு அடிப்பினும், பத்தின் கூறாகவே அடிக்குமளவும், எஞ்சுவது ஒழியாது. (சிறு காசு அடிப்பது இருக்க, 25 பைசாவும் அதனிற் குறைந்த காசுகளும் 2011ஆம் ஆண்டு செல்லாதனவாயின.)

இங்கு நோக்கத்தக்கது ஒன்று. அணாக் காலத்து ரூபாயும் பைசாக் காலத்து ரூபாயும் ரூபாயே. மூன்றிலொரு பங்கு என்னும் அளவும் மாறவில்லை. மாறியது அவ்வளவைச் சொல்லும் முறை. 192 மூன்றால் மீதியின்றி வகுபடும், 100 வகுபடாது. பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என வழங்கும் நாட்டில் ஒரு கலம் நெல்லை மூவர்க்குப் பகிர்ந்தால் ஒருவர்க்கு நான்கு மரக்கால் என ஒரே சொல்லில் முடியும். அதே நெல்லைப் பத்தின் கூறுகளால் அளந்தால் 0.333… எனச் சொல் முடியாது நீளும். முடிவின்மை நெல்லில் இல்லை. அளவைச் சொல்லும் மொழியில் உளது.

இம்முடிவின்மை மேனாட்டுத் தசமத்துக்கே உரியது என்று கருதற்க. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி கொண்டு கற்பித்த தமிழ்க் கீழ்வாயிலக்கத்திலும் அஃது உண்டு. அவ்விலக்கத்தில் ஒன்றை 320 கூறாக்கிய ஒரு கூறு முந்திரி. முந்திரியைப் பின்னும் 320 கூறாக்கிய ஒரு கூறு கீழ்முந்திரி, அஃதாவது 1,02,400இல் ஒன்று. அரை, கால், அரைக்கால், வீசம், மா, காணி என்பன எல்லாம் முந்திரியின் மடங்குகளே. 320 என்பது இரண்டையும் ஐந்தையும் பெருக்கிப் பெற்ற எண். மூன்றுக்கு அதில் இடமில்லை. ஆகவே ஒன்றை மூன்றாக வகுப்பவன் 106 முந்திரி பெற்று, இரண்டு முந்திரி எஞ்சக் காண்பான். 106 முந்திரியை அவன் காலே ஒருமாவே அரைமாவே அரைக்காணி என்று வாய்ப்பாடாகச் சொல்லவும் வல்லன். எஞ்சிய இரண்டு முந்திரி 640 கீழ்முந்திரி; அதில் மூன்றிலொன்று 213; ஒன்று எஞ்சும். அவ்வொன்றைப் பின்னும் 320 ஆக்கினால் 106, எஞ்சுவது இரண்டு. இவ்வாறு 106, 213, 106, 213 என இரண்டெண்களே முடிவின்றி மாறிமாறி வரும். இனி இதனை மும்மடங்கு ஆக்கி, நிரம்பியவற்றை மேலிடத்துக்கு ஏற்றினால், ஒவ்வோரிடத்தும் 319, 319, 319 என நிற்கும். தசமத்தில் ஒன்பது நின்ற நிலையில் தமிழிலக்கத்தில் 319 நிற்கின்றது. 319 முந்திரி, 319 கீழ்முந்திரி, அதன்கீழ் 319 என முடிவின்றிச் செல்லும் அத்தொகை ஒன்றுக்குச் சமமாமோ என்பதே தமிழ்க் கணக்கன் முன் நிற்கும் வினா. மூன்று பங்கையும் சேர்த்தவன் முழுப்பொருளையே சேர்த்தான் என்பதில் ஐயமில்லையாதலின், சமம் என்னும் விடையும் அவ்வினாவிலேயே அடங்கியுள்ளது.

0.333… என்பது மூன்றிலொன்று என உடன்படுவார் பலர், 0.999… என்பது ஒன்று எனக் கேட்டவுடன் மறுப்பர். முன்னதை உடன்பட்டார்க்குப் பின்னதை மறுக்க இடமில்லை. ஆயினும் அவர் மறுப்பின் உள்ளே ஓர் உண்மையான வினா உளது: முடிவிலாக் கூட்டல் ஓர் எண்ணுக்குச் சமம் என்பதன் பொருள்தான் யாது?

இவ்வினாவைத் தெளிவுற எழுப்பி விடையும் கண்டவர் நீலகண்ட சோமயாசியார். 1444இல் தோன்றிய இப்பெரியார் மலையாள நாட்டுத் திரூரையடுத்த திருக்கண்டியூரைச் சார்ந்தவர், சங்கமகிராமத்து மாதவர் வழிவந்த கணித மரபினர், தந்திரசங்கிரகம் இயற்றியவர். ஆரியபடீயத்துக்குத் தாம் வரைந்த உரையில், வில்லுக்கும் நாணுக்கும் உள்ள தொடர்பை ஆராயுமிடத்து, காலும், காலிற்காலும், அதன் காலும் என முடிவின்றிக் கூட்டிய தொகை மூன்றிலொன்றே ஆம் என்பதை எடுத்துக்கொள்கின்றார். அத்தொகை அவ்வளவே வளரும், அதற்கு மேற்படாது என்பதும், அவ்வளவும் வளரும், அதற்குக் குறைவாய் நின்றுவிடாது என்பதும் எவ்வாறு அறியப்படும் என்று தாமே கடாவுகின்றார். இக்கடா மிக நுட்பமானது. மேற்படாமை ஒன்று, குறைந்து நில்லாமை ஒன்று என இரண்டையும் வேறுவேறாக நிறுவினாலன்றிச் சமம் நிறுவப்படாது என்பதை அவர் அன்றே உணர்ந்தார்.

அவர் காட்டிய வழியைத் தமிழ்ப் பெயர்களாலேயே சொல்லலாம். மூன்றிலொன்றினின்று ஒரு காலைக் கழித்தால் எஞ்சுவது பன்னிரண்டிலொன்று. அது காலின் மூன்றிலொரு கூறு. அதனின்று ஒரு வீசத்தைக் கழித்தால் எஞ்சுவது நாற்பத்தெட்டிலொன்று. அது வீசத்தின் மூன்றிலொரு கூறு. அதனின்று ஒரு கால்வீசத்தைக் கழித்தால், எஞ்சுவது கால்வீசத்தின் மூன்றிலொரு கூறு. எப்படியிலும் எஞ்சுவது, இறுதியாகக் கூட்டிய கூறின் மூன்றிலொன்றே. எஞ்சுவது என்றும் உண்டாதலின் தொகை மூன்றிலொன்றைக் கடவாது. எஞ்சுவது படிதோறும் நாலிலொன்றாய்த் தேய்தலின், எத்துணைச் சிறிய அளவைக் குறிப்பினும் அதனினும் சிறிதாய்விடும். ஆகவே தொகை மூன்றிலொன்றிற்குக் குறைந்த எவ்வெண்ணிலும் நின்றுவிடாது.

இம்முறையை 0.999…க்கு ஏற்றுக. ஓரிடத்து எஞ்சுவது பத்திலொன்று, ஈரிடத்து நூறிலொன்று, மூவிடத்து ஆயிரத்திலொன்று. ஒன்றுக்கும் இதற்கும் வேறுபாடு உண்டென்பார் அவ்வேறுபாட்டின் அளவைச் சொல்லக் கடவர். ஒரு கீழ்முந்திரி என்பாராயின், ஆறாம் ஒன்பதிலேயே எஞ்சுவது பத்து லட்சத்திலொன்றாகி, அவர் சொன்ன அளவிற் குறைந்துவிடுகின்றது. அதனினும் சிறிதொன்று கூறின், இன்னும் சில ஒன்பதுகளில் அதுவும் வீழும். யாதோர் அளவாகவும் இருக்கமாட்டாத வேறுபாடு சூனியமேயாம். ஆகவே 0.999… என்பதும் 1 என்பதும் ஓரெண்ணே.

அற்றேல், 0.9, 0.99, 0.999 என்பவற்றுள் ஒன்றேனும் ஒன்று ஆகாதிருக்க, அவற்றின் முடிவு மட்டும் ஒன்று ஆதல் யாங்ஙனம் எனின், அவ்வரிசைக்கு இறுதி உறுப்பென ஒன்று இல்லை என்பதை மறந்தார்க்கே அவ்வையம் எழும். 0.999… என்பது அவ்வரிசையின் கடைசிப் படியன்று. படிகள் அனைத்தும் சேர்ந்து சுட்டும் எல்லையின் பெயர். அவ்வெண் ஒன்றை நோக்கி நடந்து செல்லவில்லை. எழுதுவான் கையும் எண்ணுவான் மனமும் நடக்கின்றன. ஒன்றினின்று அதனைக் கழித்தால் சூனியங்கள் பலவற்றின் பின் ஈற்றில் ஓர் 1 நிற்குமே என்பாரும் உளர். ஈறு இல்லாத வரிசைக்கு ஈற்றில் நிற்பது எங்ஙனம்?

பள்ளிகளிற் காட்டும் ஒரு குறுக்கு வழியும் உண்டு. அவ்வெண்ணைப் பத்தால் பெருக்கினால் 9.999…, அதனின்று அவ்வெண்ணைக் கழித்தால் 9, அஃது ஒன்பது மடங்காதலின் அவ்வெண் ஒன்று. விடை சரியே, வழி போதாது. முடிவிலாத் தொகையைப் பெருக்கலாம், கழிக்கலாம் என்பதை நிறுவாமலே கொண்டது அவ்வழி. அவ்வுரிமையை எங்கும் கொண்டால் நேரும் இழுக்கைக் காண்க. ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என இரட்டித்துக் கூட்டிய முடிவிலாத் தொகையை இருமடங்காக்கி ஒன்று கூட்டினால் அத்தொகையே வரும். ஆதலின் அத்தொகை ஒன்றிற்குக் கடன்பட்ட எண் என்று முடியும். பொருள்களைக் கூட்டிக் கூட்டிக் கடன் பெற்றவன் ஒருவனும் இலன். நீலகண்டர் கடாவிய இரு கடாக்களுக்கும் விடை கூறிய பின்னரே அக்குறுக்கு வழி செல்லத்தக்கதாகின்றது.

மேனாட்டில் 1585இல் சைமன் ஸ்டெவின் தசமத்தைப் பரப்பினார். 1770இல் வெளிவந்த ஆய்லரது இயற்கணித நூல் 9.999… என்பது 10 எனக் காட்டுகின்றது. எல்லை என்பதன் இலக்கணத்தைக் கோசி என்பார் 1821இல் ஒழுங்குபடுத்தினார். எண் என்பதன் இலக்கணத்தை டெடெகிண்டு 1872இல் வகுத்தார். இருபதாம் நூற்றாண்டில், 1960ஐ ஒட்டி, ஆபிரகாம் இராபின்சன் எவ்வளவினும் சிறிய நுண்ணெண்களையும் கொண்ட ஒரு கணிதத்தை முறையாக அமைத்தார். அதனைக் கேட்டார் சிலர், அங்கேனும் 0.999… ஒன்றிற் குறைந்ததாகும் எனக் கருதுவர். அங்கும் எல்லா இடங்களிலும் ஒன்பது நிற்குமாயின் அஃது ஒன்றே. எண்ணிறந்த ஓரிடத்தில் ஒன்பதுகளை நிறுத்திவிட்டாலே ஒரு நுண்ணளவு குறையும். நிறுத்திய வரிசை முடிவிலா வரிசையன்று.

முதல் வினா இவ்வாறு முடிந்தது. மீள்வருந் தசமம் முழுவெண்ணுக்குச் சமம். 2, 3 முதலிய முழுவெண்கள் மட்டுமன்று, அரை முதலிய முடிவுறும் தசமங்களும் இவ்வாறே இரு பெயர் உடையன: 0.5 எனினும் 0.4999… எனினும் ஒன்றே. மூன்றிலொன்றுக்கோ தசமத்தில் ஒரு பெயரே உண்டு. இரு பெயர் பெறுதல் எண்ணின் பெருமையுமன்று, சிறுமையுமன்று. பத்தின் கூறுகளால் எழுதுதலின் விளைவு.

இனி உவமையை நோக்குக. 0.999… என்பதும் 1 என்பதும் சமம் என்றபோது, இரு பொருள்கள் கூடின என்பது கருத்தன்று. தொடக்கமுதலே இருந்தது ஒரு பொருள். அதற்கு எழுத்து இரண்டு. சித்தாந்தத்தில் உயிரும் இறைவனும் அத்தகையரல்லர். அத்துவிதம் என்னும் சொல்லை ஒன்று எனப் பொருள்கொள்வாரை மறுத்து மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து இரண்டாஞ் சூத்திரத்தில் காட்டும் நியாயம் ஈண்டு நினைக்கத்தக்கது: ஒன்று எனச் சுட்டுதல் நிகழுமாயின் சுட்டுவான் ஒருவன் வேறாய் இருத்தல் வேண்டும், ஆகவே அச்சொல் வேறாகாமையை உணர்த்துமேயன்றி, இரண்டாவது பொருள் இன்மையை உணர்த்தாது. சிவஞானமுனிவர் மாபாடியத்துள், அச்சொல்லிலுள்ள எதிர்மறை அன்மைப் பொருளதே, இன்மைப் பொருளதன்று என இதனை விரித்தார். தசம உவமையில் உள்ளதோ இன்மையே. அங்கே இரண்டாவது எண் என ஒன்று என்றும் இருந்ததில்லை. சிவப்பிரகாசத்தில் உமாபதிசிவம் பொன்னும் பணியும் போன்ற அபேதத்தை விலக்கினார். பொன்னும் பணியுமாயினும் உருவால் வேறுபடுவன, 0.999…உம் 1உம் எழுத்தன்றி வேறொன்றானும் வேறுபடாமையின், விலக்கப்பட்ட அவ்வுவமையினும் கடிய அபேதமாய் முடியும்.

முடிவுறும் வரிசையாகிய 0.9, 0.99 என்பவற்றைக் கொண்டாலோ, அது முற்றிய பேதமாய்விடும். அன்றியும் முத்தி என்பது உயிர் சிறிது சிறிதாய்த் தன்னொடு ஏதோ ஒன்றைக் கூட்டிக்கொண்டு சிவத்தின் அளவை எட்டுதல் அன்று. மலபரிபாகம் நிகழ, சத்திநிபாதம் பதிய, குருவருளால் ஆணவத்தின் வலி அடங்க, உயிர் திருவடியிற் கூடுகின்றது. அப்போதும் ஆணவம் வலியொழிந்து நிற்குமேயன்றி அழிவதில்லை. முத்தியிலும் முப்பொருளும் உண்டு என்பது உண்மைவிளக்கத்தால் தெளிவாம். தசமத்தின் எல்லையிலோ எஞ்சுவது சூனியம். உயிருமில்லை, மலமுமில்லை, இன்பம் நுகர்வாரும் இல்லை.

திருவருட்பயனில் இன்புறுநிலை கூறுமிடத்து உமாபதிசிவம் எடுத்தாண்ட தாடலை என்னும் உவமையை இதனோடு ஒப்பிட்டுக் காண்க. தாள் என்னும் சொல்லும் தலை என்னும் சொல்லும் புணர்ந்து, ளகரமும் தகரமும் டகரத்துள் அடங்க, தாடலை என ஒரு சொல்லாய் நின்றன. செவிக்குச் சொல் ஒன்று. தாளாகிய திருவடியும் தலையாகிய அடியான் சென்னியும் கெடவில்லை. சொல்லை மீண்டும் பிரித்தால் இரண்டும் உள்ளவாறே வெளிப்படும். அங்கே கேள்வியில் ஒன்றாகி, பொருளில் இரண்டாயின. தசமத்திலோ பார்வையில் இரண்டாகி, பொருளில் ஒன்றாயிற்று. ஒன்று மற்றதன் நேர் மறுதலை. அத்துவிதத்துக்கு உவமை தேடிய ஆசிரியர் எண்ணை விட்டு எழுத்துப் புணர்ச்சியை எடுத்தது எத்துணைப் பொருத்தமுடையது என்பது இதனால் விளங்கும்.

அற்றேல், இத்தசமத்துக்குச் சித்தாந்தத்தில் இடமே இல்லையோ எனின், ஓரிடம் உண்டு. இரு பொருள் ஒருவாற்றான் ஒன்றாய் நிற்றலை அத்துவிதம் எனவும், ஒரு பொருளே ஒருவாற்றான் இரண்டாய் நிற்றலைத் தாதான்மியம் எனவும் வேறு பிரித்து உணர்த்துவது மாபாடிய மரபு. சிவமும் சத்தியும் குணியும் குணமுமாய்த் தாதான்மியத்தால் நிற்பன. ஒன்றே இரண்டாய்த் தோன்றும் 0.999…, 1 என்னும் எழுத்துகளை எங்கேனும் வைக்க வேண்டுமாயின், உயிர் சிவத்தைக் கூடும் இடத்தில் வைத்தலாகாது. சிவத்தையும் சத்தியையும் பேசுமிடத்தில் வைக்கலாம். அவ்விடத்தும் உவமை முழுதும் ஒவ்வாது. ஒன்று என்னும் எண்ணுக்கு 0.999… வெறும் மறுபெயர். அதனை நீக்கினும் எண்ணுக்கு ஒரு குறையும் வாராது. சத்தியோ சிவத்தின் மறுபெயரன்று. ஞாயிற்றுக்குக் கதிர்போலச் சிவத்தின் இயல்பாகிய குணம். அதனை நீக்கிச் சிவத்தை எண்ணுதல் எவர்க்கும் கூடாது.